கடலில் விளக்கு கட்டி மிதந்த மூட்டை: யாரிடம் சொல்வது? கஸ்டம்ஸுக்கு இதில் என்ன வேலை?

ஆழ்கடல்தம்பி (தூத்தூர்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துப் படியுங்கள்.

என் அண்ணன் தேங்காப்பட்டணத்தில் இருந்து தங்கல், அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க, போகிற போட்டில் ஸ்ராங்கு, போட்டை ஓட்டுகிறவன். போன தங்கல் 26 நாள். ஒரு நாள் விடியற்காலை 3 மணி இருக்கும், வலை விட்டுவிட்டு இஞ்சினை நிறுத்தி நீவாட்டோடு, அதாவது கடல் நீரோட்டத்தோடு, கிடந்திருக்கிறார்கள். அப்போது தூரத்தில் ஒரு வெளிச்சம் விட்டு விட்டு எரிந்திருக்கிறது. யாரோ விட்ட வலையின் விளக்கு என்று முதலில் நினைத்தார்களாம். நமக்குத்தான் தெரியுமே, வலையின் விளக்கு என்றால் வரிசையாக மிதவை தெரியும், பக்கத்தில் எங்காவது போட்டின் வெளிச்சமும் தெரியும். இங்கே ஒன்றும் இல்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் கறுப்புத் தார்ப்பாயில் இறுக்கிக் கட்டின ஒரு மூட்டை, ஆள் உயரத்தில் பாதி இருக்கும், இரண்டு மஞ்சள் மிதவை, மேலே சின்ன விளக்கு. கயிறு புதுசு. பாசி ஒரு பொட்டுகூட இல்லை. அப்படியென்றால் தண்ணீரில் விழுந்து ரொம்ப நாள் ஆகவில்லை.

போட்டில் இருந்த பதின்மூன்று பேரும் சண்டை. எடுத்துப் பார்ப்போம் என்று நாலு பேர், தொடவே வேண்டாம் என்று மற்றவர்கள். அண்ணன் ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, வலையை வாங்கிவிட்டு அந்த இடத்தை விட்டே போய்விட்டான். கரையில் இருந்து 70 கடல் மைல் இருக்கும் என்கிறான்.

கரைக்கு வந்து ஐந்து நாள் ஆகிறது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, காரணம் பயம்தான். சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் இப்படி ஏதோ சந்தேகமாகப் பார்த்ததைச் சொல்லப் போய், மூன்று நாள் விசாரணை என்று உட்கார வைத்துவிட்டார்கள், பிடித்த மீன் அத்தனையும் விலை போகாமல் கெட்டது. இந்த முறை துறைமுகத்தில் மஃப்டியில் இரண்டு பேர் வந்து எல்லா போட்டுக்காரர்களிடமும் அடையாள அட்டை, போன் எல்லாம் பார்த்தார்கள். கஸ்டம்ஸ் என்றார்கள். தீவிரவாதம், கடல் பாதுகாப்பு என்றெல்லாம் பேசினார்களாம்.

என் சந்தேகம் இதுதான். சுங்கம் என்றால் வரி வாங்குகிறவர்கள் அல்லவா? ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்து பார்ப்பவர்கள். தீவிரவாதி வந்தால் போலீஸ், நேவி பார்த்துக்கொள்ளும், இவர்களுக்கு எங்கள் துறைமுகத்தில் என்ன வேலை? இரண்டாவது, அண்ணன் இதை யாரிடம் சொல்ல வேண்டும்? சொன்னால் எங்கள் தலையில் விழுமா?

---

முட்டம்கரை பதில்:

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் 1554-க்குப் போன் பண்ணுங்கள். அது கோஸ்ட் கார்டு. இல்லாவிட்டால் 1093, நம் கடலோரப் பாதுகாப்புக் குழுமம். இரண்டுக்கும் காசு கிடையாது. ஐந்து நாள் ஆகிவிட்டதே என்று யோசிக்க வேண்டாம். தேதி, நேரம், ஜிபிஎஸ் புள்ளி இருந்தால் நீவாட்டைக் கணக்குப் போட்டு அவர்களால் ஏதாவது செய்ய முடியும். இனி எப்போதாவது இப்படிப் பார்த்தால் கரைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள், விஎச்எஃப் ரேடியோவில் 16-ஆம் சேனலில் கூப்பிடுங்கள், எட்டுகிற தூரத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும்.

---

பழைய பிரிவென்டிவ் (நாகர்கோவில்) பதில்:

தம்பி, நான் சுங்கத்துறையில் பிரிவென்டிவ் பக்கம், அதாவது கடத்தல் தடுப்பில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வி நியாயமான கேள்வி. என் சொந்தக்காரர்களே என்னிடம் "நீ ஏர்போர்ட்டில் தங்கம் பிடிக்கிறவன்தானே" என்றுதான் கேட்பார்கள்.

ஒரு ஆள் மட்டும் கரையேறினால் தீவிரவாதம் நடந்துவிடாது. அவனுக்கு வெடி வேண்டும், துப்பாக்கி வேண்டும், பணம் வேண்டும். இந்த மூன்றுமே சரக்கு. எல்லையைக் கடக்கிற சரக்கு எதுவானாலும் அதைக் கேள்வி கேட்கிற அதிகாரம் 1962-ஆம் வருட சுங்கச் சட்டத்தில் எங்களுக்கு இருக்கிறது. ஆளைப் பார்ப்பது இமிக்ரேஷன், சரக்கைப் பார்ப்பது கஸ்டம்ஸ். அப்படித்தான் நான் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன்.

1993 மார்ச் 12-ஐ நினைத்துப் பாருங்கள். பம்பாயில் ஒரே பிற்பகலில் வரிசையாகக் குண்டு வெடித்து 257 பேர் செத்தார்கள். அந்த ஆர்டிஎக்ஸ் வெடிமருந்து வானத்தில் இருந்து விழவில்லை. மகாராஷ்டிரத்தில் ராய்காட் மாவட்டத்தில் திகி, சேகாடி என்று சின்னச் சின்னக் கடற்கரை ஊர்கள், நம் இனயம், ஹெலன் நகர் மாதிரி. அங்கேதான் படகில் வந்து இறங்கியது. அது வெள்ளியும் தங்கமும் இறங்கிப் பழகிய கரை. மாமூல் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிற பழக்கம் அங்கே ஊறிப்போய் இருந்தது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்காமலே வழிவிட்டார்கள். வழிவிட்டவர்களில் போலீஸ்காரர்களும் உண்டு, எங்கள் சுங்கத்துறை அதிகாரிகளும் உண்டு, சுங்கத்தில் அடிஷனல் கலெக்டர் பதவியில் இருந்த ஒருவர் வரைக்கும். தீவிரவாத வழக்குகளுக்கான தடா கோர்ட்டில் தண்டனை வாங்கினார்கள். எங்கள் துறையைப் பற்றி நானே இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கஸ்டம்ஸுக்கும் தீவிரவாதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டீர்கள் அல்லவா, அந்த ராத்திரிகளில் அந்தக் கரையில் ஒழுங்கான நாலு அதிகாரிகள் இருந்திருந்தால் அத்தனை பேர் செத்திருக்க மாட்டார்கள். சம்பந்தம் அவ்வளவு நேரடியானது. இன்றைக்கும் இதைப் படித்தால் எனக்கு வயிறு எரியும்.

இன்னொரு பக்கமும் சொல்கிறேன். 1999 டிசம்பர் 14, அமெரிக்காவில் போர்ட் ஏஞ்சலஸ் என்று ஒரு சின்ன ஊர். கனடாவில் இருந்து வந்த ஃபெர்ரியில் கடைசியாக இறங்கின காரை டயானா டீன் என்கிற கஸ்டம்ஸ் இன்ஸ்பெக்டர் அம்மா நிறுத்தி, எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்று வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டார். காரை ஓட்டி வந்தவனுக்குப் பதில் ஒழுங்காக வரவில்லை, டிசம்பர் குளிரில் வேர்க்கிறது. அடையாள அட்டை கேட்டால் ஒரு பல்பொருள் கடையின் உறுப்பினர் அட்டையை எடுத்து நீட்டினான். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி வைக்கிற குழியைப் பார்த்தால் வெடிமருந்து! லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் வைப்பதற்காகக் கொண்டுபோனது. உளவுத் தகவல் ஒன்றும் அந்த அம்மாவிடம் இல்லை. ஆளின் முகத்தைப் பார்த்துச் சந்தேகம் வந்தது, கூட இருந்த அதிகாரிகள் திறந்து பார்த்தார்கள், அவ்வளவுதான்.

நான் தூத்துக்குடியில் சேர்ந்த புதிதில் தோணிகளில் ரம்மேஜ் போவோம், அதாவது கப்பலை மேலிருந்து கீழ் வரை சோதனை போடுவது. ஒரு தோணி புறப்படத் தயாராக நிற்கிறது, ஏற்றின சரக்கு பாதிகூட இல்லை என்று பேப்பர் சொல்கிறது. என்னோடு வந்த மூத்தவர் தோணிக்குள்ளே ஏறவே இல்லை. கரையிலேயே நின்று தோணியின் பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாதிச் சரக்குக்கு இது ஏன் இவ்வளவு தாழ்ந்து கிடக்கு?" என்றார். வெள்ளை பெயின்டில் போட்ட கோடு தண்ணீருக்கு அடியில் ஒரு சாண் போயிருந்தது. உப்பு மூட்டைக்குக் கீழே பலகையைப் பெயர்த்தால் சந்தனக் கட்டை. அதற்குப் பிறகு எந்தப் படகைப் பார்த்தாலும் என் கண் முதலில் தண்ணீர்க் கோட்டுக்குத்தான் போகும். உங்கள் அண்ணன் கயிற்றில் பாசி இல்லை என்று பார்த்தாரே, அது அதே கண்தான் தம்பி. எங்களுக்குப் பயிற்சி கொடுத்து வர வைக்கிற கண் உங்களுக்குப் பிறப்பிலேயே இருக்கிறது.

சரி, 70 கடல் மைலுக்கு வருகிறேன். கரையில் இருந்து 12 கடல் மைல் நம் நாட்டின் கடல். 24 வரை ஒட்டிய மண்டலம். முன்பெல்லாம் கஸ்டம்ஸ் அதிகாரம் அந்த 24 மைலோடு சரி. 2018-இல் சட்டத்தைத் திருத்தி, பொருளாதார மண்டலம் முழுக்க, அதாவது 200 மைல் வரை இந்தியச் சுங்கக் கடல் என்று ஆக்கினார்கள். அண்ணன் மூட்டையைப் பார்த்த இடம் பழைய கணக்கில் வெளியே, இப்போதைய கணக்கில் உள்ளே. 200 மைல் வரை எங்களால் ரோந்து போக முடியுமா என்றால் முடியாது, அதற்குத்தான் கோஸ்ட் கார்டு. அந்தப் படை உருவானதற்கு ஒரு பெரிய காரணமே கடல் கடத்தல்தான், 1978-ஆம் வருட கோஸ்ட் கார்டு சட்டத்திலேயே கடத்தலைத் தடுக்க சுங்கத்துறைக்கு உதவுவது அவர்கள் கடமை என்று எழுதியிருக்கிறது.

இரண்டு விஷயம் அண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கடலில் மிதக்கிற பொருளை எடுத்துக் கரைக்குக் கொண்டுவந்தால் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் அது வெளிநாட்டில் இருந்து இறக்குமதி செய்த சரக்குக்குச் சமம். 2025 மே மாதம் கொச்சிக்கு வெளியே எம்எஸ்சி எல்சா 3 மூழ்கி கண்டெய்னர் ஒதுங்கியபோது, யாரும் எடுக்காதீர்கள் என்று கேரளத்தில் கஸ்டம்ஸ் சொன்னது இதனால்தான். அதனால் தொடாமல் விட்டது ரொம்ப சரி. அடுத்தது, கடலில் யாராவது சிக்னல் கொடுத்து நில் என்றால் நில்லுங்கள். நிற்காத படகைச் சுடக்கூட 106-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்தது தப்பு. தகவல் சொன்னவரை உட்கார வைத்து மீனைக் கெடுத்தால் அடுத்த தடவை எவன் சொல்வான்? சட்டப்படி தகவல் கொடுப்பவர் பெயரை வெளியே விடக்கூடாது, பிடிபடுகிற பொருளுக்கு ஏற்ப சன்மானமும் உண்டு, விற்ற தொகையில் 20 சதவீதம் வரை போகலாம். பல பேருக்கு இது தெரியவே தெரியாது.

---

வள்ளவிளை மகள் பதில்:

சார் எழுதினது எல்லாம் சரி. ஆனால் எங்களுக்குப் பிறப்பிலேயே கண் இருக்கிறது என்று ரிட்டயர் ஆன பிறகு சொல்கிறீர்கள். வேலையில் இருக்கிறவர்கள் எங்களைப் பார்க்கும்போது முதலில் சந்தேகப்பட்டுத்தான் பார்க்கிறார்கள். அதையும் இங்கே பதிவு பண்ண வேண்டும்.

ஒகி புயல் வந்தபோது, 2017 நவம்பர் கடைசி, என் அப்பா கடலில். நான்கு நாள் ஒரு தகவலும் இல்லை. வயர்லெஸ் அத்தனை தூரம் எட்டாது. பக்கத்தில் ஒதுங்கின இன்னொரு போட்டில் ஒருவரிடம் துரையா சாட்டிலைட் போன் இருந்திருக்கிறது, அதில் பேசித்தான் அப்பா இருக்கிற இடமே எங்களுக்குத் தெரிந்தது. அந்தப் போன் இந்தியாவில் அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் குற்றம். 2008 நவம்பர் 26-இல் மும்பையைத் தாக்க வந்தவர்கள் கையில் இருந்ததும் துரையா போன்தான், அதனால் அரசாங்கம் பயப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் அம்மா அன்றைக்குக் கோயில் படியில் முழங்காலில் நின்றுகொண்டிருந்தாள், அந்தப் போன் ஒலித்த பிறகுதான் எழுந்தாள். அந்தக் கருவியைத் தீவிரவாதியின் அடையாளம் என்று மட்டும் பார்த்தால் எங்களுக்கு எப்படி இருக்கும்?

ஒகிக்குப் பிறகு அரசு மானியத்தில் பிஎஸ்என்எல் சாட்டிலைட் போன் கொடுத்தார்கள், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வருகிற இஸ்ரோவின் நாவிக் கருவியும் வந்தது. நல்லதுதான். அனுமதியோடு ஒரு வழி கொடுத்தால் எவனும் திருட்டுப் போனை வாங்கப் போவதில்லை. எல்லா போட்டுக்கும் போய்ச் சேர்ந்ததா என்றால் எங்கள் ஊரில் இல்லை. பாதுகாப்பு என்று பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும், ஏனென்றால் ஆழ்கடலில் விளக்கு கட்டின மூட்டையைப் பார்த்தவன் அப்போதே சொல்ல வேண்டுமென்றால் அவன் கையில் பேசுகிற கருவி இருக்க வேண்டும்.

இன்னொன்று. மும்பைக்கு வந்த பத்துப் பேரும் முதலில் கொன்றது யாரை? குஜராத் போர்பந்தர் மீன்பிடிப் படகு குபேரைப் பிடித்து, அதில் இருந்த மீனவர்களைத்தான். கரையில் அவர்கள் ரப்பர் படகில் வந்து இறங்கியதைப் பார்த்து யார் நீங்கள் என்று கேட்டதும் மீனவக் குடியிருப்பு ஆட்கள்தான். மீனவர்கள் அங்கே முதல் பலி, முதல் சாட்சியும் அவர்களே. எங்களைத் தீவிரவாதியோடு சேர்த்து வைத்து விசாரிப்பவர்கள் அதை மறக்கக் கூடாது.

2012 பிப்ரவரியில் இத்தாலிக் கப்பலில் இருந்த வீரர்கள் கடற்கொள்ளையர் என்று நினைத்துச் சுட்டதில் செத்த இரண்டு மீனவர்களில் ஒருவர் நம் குமரி மாவட்டத்துப் பையன். சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாங்கள் யார் என்று தெரிந்துகொண்டு சோதனை பண்ணுங்கள்.

---

கண்டெய்னர்கணக்கு (மார்த்தாண்டம், வேலை தூத்துக்குடி) பதில்:

அக்கா எழுதினதைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் வேறு பக்கத்தில் இருந்து சொல்கிறேன், சிஎச்ஏ ஆபீசில் வேலை, அதாவது சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தருகிற கிளியரிங். இரும்புப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பேப்பரைப் பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு.

எல்லாரும் படகையே பார்க்கிறோம். ஆனால் பெரிய அளவு வருவது படகில் இல்லை, முறையாகப் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது சுங்கத்துக்கான இறக்குமதிப் பத்திரம், போட்ட கண்டெய்னரில். 2021 செப்டம்பரில் குஜராத் முந்த்ராவில் இரண்டு கண்டெய்னர். டால்க் கல் என்று பேப்பர், ஆப்கானிஸ்தான் சரக்கு, ஈரான் பந்தர் அப்பாஸ் வழியாக வந்தது. கஸ்டம்ஸின் புலனாய்வுப் பிரிவான டிஆர்ஐ திறந்து பார்த்தால் 2,988 கிலோ ஹெராயின். அதை விற்கிற பணம் லஷ்கர் தீவிரவாத அமைப்புக்குப் போகிற பணம் என்று தேசியப் புலனாய்வு முகமையான என்ஐஏ கோர்ட்டில் சொல்லியிருக்கிறது, வழக்கு நடக்கிறது. அதே வருடம் ஏப்ரலில் எங்கள் தூத்துக்குடியில் மரக்கட்டை என்று வந்த கண்டெய்னரில் 303 கிலோ கொக்கைன். அன்றைக்குத் துறைமுகம் முழுக்க ஒரே பேச்சு. நாங்கள் தினமும் டீ குடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அத்தனை நாள் அது கிடந்திருக்கிறது என்று நினைத்தால் கை நடுங்கும்.

எல்லாப் பெட்டியையும் திறந்து பார்க்க முடியாதா என்று கேட்பார்கள். திறந்தால் துறைமுகம் ஒரு வாரத்தில் அடைத்துக்கொள்ளும். அதனால் ஆபத்துக் கணக்குப் போட்டு எதைத் திறப்பது என்று கம்ப்யூட்டர் தேர்ந்தெடுக்கும். இறக்குமதியாளர் புதியவரா, இதற்கு முன் இந்தச் சரக்கைக் கொண்டுவந்திருக்கிறாரா, கப்பல் எங்கெல்லாம் நின்று வந்தது, எடைக்கும் விலைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கும். கப்பல் வருவதற்கு முன்பே சரக்குப் பட்டியல் வந்துவிட வேண்டும். உலகம் முழுக்க இந்த முறை வந்ததே 2001-இல் அமெரிக்காவில் நடந்த தாக்குதலுக்குப் பிறகுதான். பிரஸ்ஸல்ஸில் இருக்கிற உலகச் சுங்க அமைப்பு 2005-இல் சேஃப் என்று ஒரு விதித்தொகுப்பு கொண்டுவந்தது. அதில் இருந்துதான் நம் ஊரில் ஏஇஓ என்று நம்பகமான வியாபாரிகளுக்குத் தனி வழி வைத்தார்கள். நம்பகமானவனைச் சீக்கிரம் விட்டால்தான் சந்தேகப்பட்டவனைப் பார்க்க நேரம் கிடைக்கும்.

ஒரு தடவை ஒரு கண்டெய்னர் கதவைப் பூட்டுகிற போல்ட் சீலில் இருந்த எண்ணும் பேப்பரில் இருந்த எண்ணும் ஒரே ஒரு இலக்கத்தில் மாறியிருந்தது. 1-க்குப் பதில் 7. பேசாமல் போயிருக்கலாம், இறக்குமதியாளர் நல்ல பழக்கமானவர். நான் ஆபீசரிடம் சொல்லிவிட்டேன். திறந்து, முழுசாக இறக்கிப் பார்த்து, கடைசியில் ஏற்றின ஊரில் எழுதினவன் கைத்தவறு. டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், கட்டினார்கள், அந்த இறக்குமதியாளர் ஒரு வருடம் என்னிடம் பேசவில்லை. திரும்ப நடந்தாலும் சொல்வேன். நடுவழியில் சீலை உடைத்து உள்ளே எதையாவது வைத்துவிட்டு வேறு சீல் போடுவது கடத்தல்காரர்களின் வழக்கம். சரக்கின் சொந்தக்காரனுக்கே தெரியாது.

வெடிக்கு மூலப்பொருள் என்ன என்று நினைக்கிறீர்கள்? பல நேரம் சாதாரண ரசாயனம், உரம். குண்டு தயாரிக்கப் பயன்படும் என்று 14 ரசாயனங்களைக் குறித்துவைத்து எந்த நாட்டில் இருந்து எங்கே போகிறது என்று உலகச் சுங்க அமைப்பு குளோபல் ஷீல்டு என்கிற திட்டத்தில் கண்காணிக்கிறது. அம்மோனியம் நைட்ரேட் அதில் ஒன்று. 2020 ஆகஸ்ட் 4 பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் வைத்திருந்த கிடங்கு வெடித்தது ஞாபகம் இருக்கும். அந்த வாரமே சென்னை மணலி கிடங்கில் 2015-இல் கஸ்டம்ஸ் பிடித்து வைத்திருந்த சுமார் 700 டன் அதே சரக்கு பற்றிப் பேச்சு எழுந்து, லாரி லாரியாக ஹைதராபாத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். பிடிப்பது மட்டும் இல்லை, பிடித்ததைப் பத்திரமாக அப்புறப்படுத்துவதும் எல்லைப் பாதுகாப்புதான் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

இப்போது களியக்காவிளையைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் விழிஞ்ஞம் துறைமுகம். உலகத்திலேயே பெரிய கப்பல்கள் நம் வாசலில் வந்து நிற்கின்றன. பெட்டி இறங்கி வேறு கப்பலில் ஏறிப் போகிற இடம் அது. நம் பக்கம் இளைஞர்கள் இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும், கஸ்டம்ஸ் பரீட்சை எழுத வேண்டும். எழுதுவார்கள் என்று நம்புகிறேன்.

---

எல்லைக்கடை (களியக்காவிளை) பதில்:

விழிஞ்ஞம் என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் ஊர் செக்போஸ்ட்டில் 2020 ஜனவரி 8 ராத்திரி சிறப்பு எஸ்ஐ வில்சன் அவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். நான் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தேன், சத்தம் கேட்டு ஓடி வந்தவர்களில் நானும் ஒருவன். தனியாளாக ஒரு சின்னக் கூண்டில் இருந்த மனுஷன். கொன்றவர்களை உடுப்பியில் பிடித்தார்கள், என்ஐஏ விசாரித்தது. எனக்கு இன்றைக்கும் அந்த இடத்தைக் கடக்கும்போது நெஞ்சு அடைக்கும்.

எனக்கு ஒரு சந்தேகம், பழைய பிரிவென்டிவ் சாரிடம். இங்கே மாநில எல்லையில் ஏன் கஸ்டம்ஸ் இல்லை? ஜிஎஸ்டி வந்து வணிகவரி செக்போஸ்ட்டும் போய்விட்டதே.

---

பழைய பிரிவென்டிவ் பதில்:

எல்லைக்கடைக்கு: சுங்கம் என்பது நாட்டின் எல்லைக்கு. இரண்டு மாநிலத்துக்கு நடுவில் எங்களுக்குச் சாவடி கிடையாது, அது போலீஸ் வேலை. ஆனால் கடத்தல் பொருள் உள்ளே வந்துவிட்டது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் நாட்டுக்குள் எங்கே வைத்தும் வண்டியை நிறுத்திப் பார்க்கலாம், கைப்பற்றலாம். களியக்காவிளை வழியில் நாங்களே எத்தனையோ இரவு ரோட்டோரம் நின்றிருக்கிறோம். வில்சன் அவர்கள் மாதிரி ஒற்றை ஆளாக யாரையும் இரவில் நிறுத்தக் கூடாது என்பதை அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

வள்ளவிளை மகளுக்கு: அம்மா, நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். வேலையில் இருந்தபோது இதைப் போதுமான அளவு நான் சத்தமாகச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 2021 மார்ச்சில் விழிஞ்ஞத்துக்குக் கொண்டுவந்தார்களே ஒரு இலங்கைப் படகு, 300 கிலோ ஹெராயின், ஐந்து ஏகே-47, ஆயிரம் தோட்டா, அது மீன்பிடிப் படகு. 2022 மே மாதம் லட்சத்தீவு அகத்தி பக்கம் டிஆர்ஐயும் கோஸ்ட் கார்டும் சேர்ந்து 218 கிலோ பிடித்த இரண்டு படகும் தமிழகக் கரையில் இருந்து போனவை. கூலிக்கு ஒத்துக்கொண்ட சிலரால்தான் ஊர் முழுக்கச் சந்தேகம் விழுகிறது. யாராவது "போகிற வழியில் ஒரு பொட்டலம் எடுத்து வா, இவ்வளவு தருகிறேன்" என்றால் அதற்குள் போதை மட்டும்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள் என்று ஊர்க் கூட்டத்தில் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள், நான் சொன்னால் அதிகாரி பேச்சு என்று போய்விடுவார்கள்.

---

ஆழ்கடல்தம்பி மறுபடியும்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணனிடம் இந்தப் பதில்களை வாசித்துக் காட்டினேன். 1993 கதையைக் கேட்டதும் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் ஜிபிஎஸ் குறித்த நோட்டை எடுத்து வந்தான். 1554-க்கு நான்தான் போன் போட்டேன், அவன் பேசினான். எடுத்தவர் தமிழில் பேசினார். தேதி, நேரம், புள்ளி, காற்று எந்தப் பக்கம், நீவாடு எந்தப் பக்கம், விளக்கு எத்தனை நொடிக்கு ஒருமுறை எரிந்தது என்று கேட்டார். கடைசிக் கேள்விக்கு அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு மேசையில் விரலால் தட்டிக் காட்டினான், நான் போனில் கடிகாரம் பார்த்து எண்ணினேன். ஆறு நொடிக்கு இரண்டு தடவை.

சாயங்காலம் கஸ்டம்ஸில் இருந்து ஒருவர் கூப்பிட்டார். வரச் சொல்லுவார்களோ என்று பயந்தோம். அவரே பங்குச் சாமியார் வீட்டு முன்னறைக்கு வந்தார், ஒரு மணி நேரம் எழுதிக்கொண்டார், பெயர் வெளியே போகாது என்றார். மூட்டையை எடுத்துப் பார்ப்போம் என்று அன்றைக்குச் சொன்ன நாலு பேரில் இரண்டு பேர் தாங்களாகவே வந்து உட்கார்ந்து, மிதவையில் ஏதோ எழுத்து இருந்ததைச் சொன்னார்கள். அதை அண்ணன் கவனிக்கவே இல்லையாம்.

மூட்டையில் என்ன இருந்தது, கிடைத்ததா என்று தெரியாது, நாங்களும் கேட்கவில்லை. வியாழக்கிழமை மறுபடியும் தங்கல். இப்போது ஐஸ் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். வீல்ஹவுஸில் மாதா படத்துக்குக் கீழே 1554 என்று சிவப்பு பெயின்டில் பெரிதாக எழுதியிருக்கிறான். வள்ளவிளை அக்கா, அந்த பிஎஸ்என்எல் போனுக்கு எங்கே மனு கொடுக்க வேண்டும் என்று தெரிந்தால் சொல்லுங்கள், எங்கள் போட்டில் இன்னும் இல்லை.